இறுவட்டும் ஏட்டுச் சுவடியும்

ஜூபிலி மலருக்குத் தமிழாசிரியர் ஒருவரிடம் கட்டுரை கேட்போர், இலக்கணத்திலோ சங்கச் செய்யுளிலோ ஏதேனுமொரு நுணுக்கத்தை எதிர்பார்ப்பது இயல்பு. மலர்க் குழுவினர் நம்மிடம் வந்தபோதும் அவ்வெதிர்பார்ப்பே அவர்தம் முகத்தில் தெரிந்தது. நாமோ கடந்த இரண்டாண்டுகளாக, மாலை வேளைகளில் இலக்கண நூல்களைக் காட்டிலும் இறுவட்டுகளுடனேயே மிகுதியும் பழகி வருகின்றோம். டி.வி.டி. என வழங்கும் அவ்வட்டுகளிலுள்ள படங்களையும் நாடகங்களையும் பேச்சுகளையும் கணினிக் கோப்புகளாக மாற்றி, திரையின் அடியில் ஓடும் உபதலைப்புகளையும் எழுதிச் சேர்ப்பதே அப்பணி. கணினி ஆசிரியர் செய்யத்தக்க இவ்வேலையில் தமிழாசிரியருக்கு என்ன இடமென்று நண்பர் சிலர் வினவினர். அவ்வினாவுக்கு விடையாகவே இதனை எழுதுகின்றோம்.

நம் தலைமுறையினர் ஒலியையும் ஒளியையும் அரிதிற் பெற்று வளர்ந்தவர்கள். 1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னால் வானொலி கேட்ட காலம் அது. எம் தந்தையார் சைவச் சொற்பொழிவுகளை ஒலிநாடாக்களிற் பதிந்து ஒரு தகரப் பெட்டியிற் சேர்த்து வைத்திருந்தார். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாம மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அரிசியும் பாயும் எடுத்துக்கொண்ட கைகளுக்கு அப்பெட்டி பாரமாயிற்று. திரும்பி வந்தபோது வீடு இருந்தது; பெட்டி இல்லை. அக்குரல்களை மீண்டும் கேட்கும் வழி அன்றே அடைபட்டது.

2002 ஆம் ஆண்டில் ஏ9 பாதை திறக்கப்பட்டபின் வட்டுகள் கட்டுக்கட்டாக வந்தன. இழந்ததை ஈடு செய்வோர் போல நாமும் வாங்கிச் சேர்த்தோம். இன்று நம்மிடமுள்ளவை 214. அவற்றுள் 131 விலைக்கு வாங்கிய திரைப்படங்கள். எஞ்சிய 83 வட்டுகளும் நம்மூர்ப் படப்பிடிப்பு நிலையங்கள் பதிந்து கொடுத்தவை. கல்லூரிப் பரிசளிப்பு விழாக்கள், மாணவர் நாடகங்கள், கோயிற் சொற்பொழிவுகள், உறவினர் திருமணங்கள் எனப் பலவும் அவற்றில் அடங்கும். திரைப்படம் தொலைந்தால் அதனை வேறொரு நகரிலேனும் தேடலாம். இந்த 83 வட்டுகளுக்கு அத்தகைய மாற்று இல்லை என்பதை வாசகர் மனத்திற் கொள்க.

வட்டு என்றும் அழியாதது என்றொரு நம்பிக்கை அது புதிதாக வந்த காலத்தில் இருந்தது. அதன் அமைப்பை அறிந்தவர் அங்ஙனம் நம்பார். 12 சென்ரிமீற்றர் விட்டமும் 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் உடைய அவ்வட்டு, 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு நெகிழித் தகடுகளை ஒட்டிச் செய்தது. தொழிற்சாலையில் அச்சிடப்படும் வட்டில் செய்தி நுண்ணிய பள்ளங்களாகப் பதியப்படுகின்றது. படப்பிடிப்பு நிலையத்தார் எழுதும் வட்டிலோ இரு தகடுகளுக்கும் இடையே பூசப்பட்ட சாயப் படையொன்றை லேசர்க் கதிர் சுட்டு அடையாளமிடுகின்றது. அச்சாயம் வெயிலுக்கும் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஆற்றாதது. தகடுகள் ஒட்டிய விளிம்பில் ஒட்டு நெகிழ்ந்தால் ஈரம் உட்புகும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழும், மார்கழி ஈரத்திற் சுவரோரத்தும் கிடந்த வட்டுகள் பதினைந்தாண்டு தாங்கினாலே பெரிது. அதுவுமன்றி, இன்று விற்பனையாகும் மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் வட்டைச் செருகும் இடமே இல்லை. ஏடு நலமாயிருந்தும் அதனைப் படிப்பார் இல்லையெனில் என்ன பயன்? ஆதலின் வட்டும் நாளுக்கு நாள் தேய்கின்றது. அதனைப் படிக்கும் கருவியும் அருகி வருகின்றது.

படியெடுக்கும் முறை கடினமானதன்று. யு.எஸ்.பி. வாயிலில் இணைக்கும் வட்டியக்கி ஒன்று வேண்டும். வட்டை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தல் நலம்; வட்டமாகத் துடைத்தால் உண்டாகும் கீறல் செய்தி ஓடும் தடத்தின் வழியே நெடுகச் சென்று கேட்டை மிகுவிக்கும். ஒருபடை வட்டொன்று 4.7 கிகாபைற் கொள்ளும். அதிலுள்ள ஒளியையும் ஒலியையும் சற்றும் மாற்றாமல் ஒரே கோப்பாக எடுத்துத் தரும் மேக்எம்கேவி போன்ற மென்பொருள்கள் உள்ளன. அங்ஙனம் எடுத்ததை மூலப்படி எனக் கொண்டு பேணுகின்றோம். பின்னர் ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளால் அதனைச் சுருக்கி, கைத்தொலைபேசியிலும் பார்க்கத்தக்க படியொன்று செய்கின்றோம். சுருக்கிய படி பெரும்பாலும் மூலத்தின் நாலிலொரு பங்கு அளவினதாகும். சுருக்கியது பார்வைக்கு, சுருக்காதது பாதுகாப்புக்கு. இவ்விரண்டையும் வேறு வேறாக வைத்தல் முதல் விதி.

நிற்க. இப்பணி வெறும் படியெடுப்பன்று என்பதை நமக்கு உணர்த்தியது ஒரு பிரியாவிடை விழாவின் வட்டு. நமது கல்லூரியிற் கணிதம் கற்பித்து 2010 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற பெரியார் ஒருவர், அவ்விழாவின் இறுதியில் 48 நிமிடம் பேசினார். அவர் இன்று நம்மிடையே இல்லை. வட்டு உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு நோக்கிப் படிக்கப்படுவது. விழாவின் இறுதிப் பேச்சாதலால் அவரது உரை வெளிவிளிம்பை அடுத்து அமைந்தது. ஈரம் முதலிற் புகுந்த இடமும் அதுவே. வரவேற்புரையும் வாழ்த்துப்பாக்களும் பழுதின்றி வந்தன. ஐயா அவர்கள் எழுந்து பேசத் தொடங்கிய இருபத்தொன்பதாம் நிமிடத்திற் படம் கட்டங்கட்டமாகச் சிதறி நின்றது. எஞ்சிய பத்தொன்பது நிமிடமும் இல்லை. படப்பிடிப்பு நிலையத்தாரிடம் மூலம் இருக்குமோவென வினவினோம். அவர்கள் பழையவற்றை அழித்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன.

விழாவுக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் அவ்வட்டின் இன்னொரு படியை அப்போதே ரொறன்ரோவுக்குக் கொண்டு சென்றார் என்பது பின்னர்த் தெரிந்தது. அவரிடம் கேட்டோம். குளிர்நாட்டு அலுமாரியிற் கிடந்த அவ்வட்டின் விளிம்பு நலமாயிருந்தது. நடுப்பகுதியிற் குழந்தைகள் கைபட்டுக் கீறல் விழுந்திருந்தது. ஒரே மூலத்திலிருந்து எழுதப்பட்ட இரு வட்டுகளும் 2,048 பைற் அளவுள்ள துண்டுகளாக ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். டிடி-ரெஸ்க்யூ என்னும் மென்பொருள், ஒரு வட்டிற் படிக்க இயலாத துண்டுகளைக் குறித்து வைத்துக்கொண்டு, மற்ற வட்டிலிருந்து அவ்விடங்களை மட்டும் நிரப்பவல்லது. அவர் தம் வட்டின் முழுப் படியையும் இணையவழி அனுப்பினார். இங்குள்ளதன் குறையை அங்குள்ளது நிறைத்தது. 48 நிமிடமும் முழுமையாக வந்தன.

இதனைக் கண்டபோது நம் நினைவுக்கு வந்தவர் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்த அப்பெரியார், ஊரூராகச் சுவடி தேடி, ஒன்றிற் சிதைந்ததை மற்றொன்றில் தேடிப் பாடம் ஒப்புநோக்கினார். ஏடுகள் கையில் எடுக்கும்போதே உதிர்வதைத் தம் பதிப்புரையிற் கூறி வருந்தினார். அவர் பணியின் பெருமைக்கு நம் சிறு முயற்சியை நிகராக்குதல் நம் கருத்தன்று. ஆயினும் முறை ஒன்றே. ஒரு படி போதாது, பல படிகள் வேண்டும், அப்படிகள் பலர் வீடுகளிற் சிதறிக் கிடக்கும், கேட்டால் கிடைக்கும். இது படியெடுப்பாரின் வேலையாக மட்டும் நில்லாது பதிப்பாசிரியரின் வேலையாகின்றது. தமிழாசிரியருக்கு இதில் என்ன இடமென்ற வினாவுக்கு விடையின் முதற் பாதி இதுவாகும்.

மறுபாதி உபதலைப்பைப் பற்றியது. திரைப்பட வட்டுகளைப் பார்க்கையில் அடியில் ஓடும் ஆங்கில வரிகள் எழுத்துகள் என்றே நாம் அனைவரும் எண்ணுகின்றோம். உண்மையில் அவை எழுத்துகள் அல்ல. எழுத்தின் வடிவிலமைந்த சிறு படங்கள். நான்கே நிறங்களில் வரைந்த படங்களாக அவை வட்டில் வைக்கப்பட்டுள்ளன. ஒரே வட்டில் 32 மொழிகள் வரை அவ்வாறு வைக்கலாம். படமாதலால் அவற்றிற் சொல் தேட இயலாது. பிழை திருத்த இயலாது. எழுத்தைப் பெரிதாக்க இயலாது. சப்டைட்டில் எடிற் என்னும் இலவச மென்பொருள் அப்படங்களை ஒவ்வொன்றாக நோக்கி, இஃது இன்ன எழுத்தென உய்த்துணர்ந்து, உண்மையான எழுத்தாக மாற்றித் தரும். ஆங்கிலத்தின் சிறிய எல்லுக்கும் பெரிய ஐக்கும் வேறுபாடு அறியாமல் அது இடறுவதுண்டு. ஆதலின் மனிதக் கண் ஒருமுறை வரிவரியாக ஓடியே ஆகவேண்டும்.

நம் வகுப்பிற் செவிப்புலன் குறைந்த மாணவன் ஒருவன் உளன். காதிற் கருவி அணிந்து, பேசுவார் உதடுகளை உற்று நோக்கிப் பாடம் கற்பவன். 1959 ஆம் ஆண்டில் வெளிவந்த வீரபாண்டிய கட்டபொம்மன் திரைப்படத்தின் ஒரு பகுதியை, வசன நடை பற்றிய பாடத்துக்காக வகுப்பிற் காட்டினோம். மற்றப் பிள்ளைகள் வசனத்தின் ஓட்டத்திற் கிளர்ந்தெழுந்தனர். அவன் ஆங்கில உபதலைப்பையே படித்துக்கொண்டிருந்தான். காட்சி முடிந்ததும் நம்மிடம் வந்து, "சேர், இவர் இவ்வளவு நேரம் கதைச்சவர். கீழை ஒரு வரிதான் வந்தது. தமிழிலை என்ன சொன்னவர்?" என்று கேட்டான்.

அவ்வினா நம்மை விட்டு நீங்கவில்லை. தமிழ்ப் படத்துக்கு ஆங்கில வரி உண்டு; தமிழ் அறியாதவர்க்காக அதனை எழுதினர். தமிழ் வரி நம்மிடமுள்ள தமிழ்ப் பட வட்டு ஒன்றிலேனும் இல்லை. தமிழர்க்குத் தமிழ் காதில் விழும் என்று வட்டு வெளியிட்டோர் கருதினர் போலும். காதில் விழாத தமிழரும் உளர் என்பது அவர்தம் கணக்கில் வரவில்லை. முதுமையாற் செவி மந்தித்த நம் பெற்றோரும், பேசக் கேட்டால் விளங்கியும் எழுத்துக் கூட்ட அறியாமல் வளரும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் அக்கணக்கில் விடுபட்டவர்களே. முன்னவர்க்கு எழுத்து காதாகும். பின்னவர்க்குக் காதே எழுத்தறிவிக்கும் ஆசானாகும். ஆகவே கணித ஆசிரியர் உரைக்குத் தமிழிலேயே உபதலைப்பு எழுதுவதெனத் துணிந்தோம்.

உயர்தர வகுப்பு மாணவர் நால்வரை உடன் சேர்த்துக்கொண்டோம். ஐந்து நிமிடப் பேச்சை எழுத ஒரு மணி நேரம் சென்றது. உரை முழுவதும் 638 துண்டுகளாக அமைந்தது. அதில் ஓரிடம். "விழா மதிச்சுப் படிச்ச பிள்ளையள்" என்று மாணவர் எழுதி வந்தனர். விழாவை மதித்துப் படித்தல் என்றால் என்னவென அவர்களும் ஐயுற்றே இருந்தனர். நாமும் பலமுறை கேட்டோம். ஒலிபெருக்கியின் இரைச்சலில் தெளிவில்லை. ஓய்வு பெற்ற வேளாண்மை ஆசிரியர் ஒருவரை அழைத்துக் கேட்பித்தோம். அவர் ஒருமுறை கேட்டார், சிரித்தார். "துலா மிதிச்சுப் படிச்ச பிள்ளையள்" என்றார்.

நீரிறைக்கும் இயந்திரங்கள் வருமுன் நம் தோட்டக் கிணறுகளில் ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடக்க, மற்றவர் கீழே நின்று பட்டையாற் பாத்திக்கு நீர் ஊற்றுவர். விடியற்காலையில் துலா மிதித்துவிட்டுக் காலிற் சேற்றுடன் கல்லூரிக்கு வந்த மாணவர்களைப் பற்றியே ஐயா பேசியிருக்கின்றார். நம் மாணவர் நால்வருள் ஒருவரேனும் துலா மிதித்தலைக் கண்டவரல்லர். அறியாத சொல்லைச் செவி தனக்கு அறிந்த சொல்லாக மாற்றிக் கேட்பது இயற்கை. இன்னும் இருபதாண்டு சென்றபின் இவ்வுரையைக் கேட்போர்க்குத் திருத்திச் சொல்ல எவர் இருப்பார்? ஒலி நின்றாலும் பொருள் போய்விடும். எழுதி வைத்தால் இரண்டும் நிற்கும்.

இனி நடை பற்றிய வழக்கு. ஐயா மேடையிற் செந்தமிழில் தொடங்கி, நெகிழ்ந்த இடங்களிலெல்லாம் வீட்டுத் தமிழுக்கு இறங்கினார். "நான் இனி வாறன், பிள்ளையள்" என்றே முடித்தார். இதனை 'நான் இனிச் சென்று வருகிறேன், பிள்ளைகளே' எனத் திருத்தி எழுதுவதா? தமிழாசிரியர் மேற்பார்வையில் வெளிவருவது இலக்கணச் சுத்தமாயிருத்தல் வேண்டுமென ஒரு மாணவர் வாதிட்டார். நாம் உடன்படவில்லை. தொல்காப்பியர் செய்யுளோடு உலக வழக்கையும் நோக்கியே இலக்கணம் செய்தார் என்று வகுப்பிற் கற்பித்துவிட்டு, வழக்கைத் திரையில் அழித்தல் தகாது. செவிப்புலன் குறைந்த மாணவனுக்கு ஐயா பேசிய தமிழைக் காட்டவேண்டுமேயன்றி நாம் எழுதும் தமிழைக் காட்டுதல் முறையன்று. உதட்டசைவை நோக்குபவனுக்கு எழுத்து ஒன்றாகவும் உதடு வேறாகவும் இருப்பின் இரண்டும் பயனற்றுப் போம். ஆதலின் பேசியவாறே எழுதுக என்பதை இரண்டாம் விதியாகக் கொண்டோம்.

ஆங்கில உபதலைப்பு எழுதும்போது வேறொரு முட்டுப்பாடு நேர்ந்தது. யாழ்ப்பாணத் தமிழில் நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உண்டு. ஐயா வகுப்பிலே மாணவரை 'நீர்' என்றே அழைப்பார். மிக மகிழ்ந்தால் 'நீ' என்பார். தம் பழைய மாணவர் ஒருவர் அன்று பிரதம விருந்தினராக வந்திருந்தபோது, அவரை நோக்கி 'நீங்கள்' என்று தொடங்கி, இடையில் 'நீர்' என மாறி, இறுதியில் 'நீ' என்று முடித்தார். அம்மூன்று சொல்லிலேயே நாற்பதாண்டு உறவு அடங்கிற்று. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல். நம்மால் இயன்றது, முதலிடத்திற் பட்டப்பெயரும் இரண்டாமிடத்திற் பெயரும் மூன்றாமிடத்தில் 'தம்பி' என்னும் விளியும் சேர்த்து எழுதியதே. அம்மாற்றத்தை அப்படியே உணரத் தமிழ் வரிகளையே நாட வேண்டும்.

செய்முறை பற்றியும் சில கூறுவோம். இப்பணியில் இறங்குவார்க்குப் பயன்படும். உபதலைப்புக் கோப்பு மிக எளியது. வரிசை எண், தோன்றும் நேரமும் மறையும் நேரமும், அதன்கீழ்ச் சொற்கள், அவ்வளவே. ஒருமுறைக்கு இரண்டு வரிக்கு மேற்படலாகாது. ஒரு நொடிக்குக் குறைந்து நின்றால் கண் பிடியாது. ஏழு நொடிக்கு மேல் நின்றால் படித்ததையே மீண்டும் படிக்க நேரும். வரியைப் பொருள் முடியுமிடத்தில் முறித்தல் வேண்டும். எழுவாயை மேலும் பயனிலையைக் கீழும் வைத்தல் நலம். வேற்றுமை உருபைச் சொல்லினின்று பிரித்தல் ஆகாது. இங்கே இலக்கணம் நேரே பயன்படக் கண்டு மாணவர் வியந்தனர். உபதலைப்பைப் படத்தின்மேற் பொறித்துவிடாமல் தனிக் கோப்பாகவே வைத்தல் மற்றொரு நன்மை தரும். பிழை கண்டால் திருத்தலாம், வேண்டாதார் மறைத்துக்கொள்ளலாம்.

ஒரு படத்துக்கு எழுதிய உபதலைப்பு அதே படத்தின் வேறொரு வட்டுக்குப் பொருந்தாமல் நழுவுவதுண்டு. திரைப்படச் சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுவது. இலங்கை பின்பற்றும் பால் முறையில் அதனை 25 ஆக விரைவித்துப் பதிவர். ஆகவே 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். இந்தியாவிலிருந்து வந்த வட்டுகள் பலவும் என்.டி.எஸ்.சி. முறையில் அமைந்தவை, அவற்றில் அவ்விரைவு இல்லை. நேரங்கள் அனைத்தையும் ஒரே விகிதத்தால் நீட்டும் வசதி மேற்கூறிய மென்பொருளில் உண்டு. காரணம் அறியாதார் வரிவரியாகத் தள்ளித் துன்புறுவர்.

எழுத்துருவிலும் கவனம் வேண்டும். நம் நாட்டில் நெடுங்காலம் பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே தட்டெழுதினோம். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவத்தை வைத்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். 1991 ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலிருந்தே யுனிகோட் தமிழுக்குத் தனியிடம் வகுத்துள்ளது. அதிலேயே எழுதுதல் வேண்டும். எழுதும்போதும் 'ஔ' என்னும் உயிரெழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்து இடுவோர் உளர். துணைக்காலுக்குப் பதிலாக ரகரம் இடுவோரும் உளர். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடும்போது சொல் அகப்படாது. கரும்பலகையில் வடிவத்தை மட்டும் நோக்கித் திருத்திய நாம், வடிவத்தின் பின்னுள்ள எழுத்தையும் நோக்க வேண்டிய காலம் வந்துள்ளது.

இத்தனையும் செய்து பெற்ற பயன் யாது? 48 நிமிட உரை இன்று தேடத்தக்க நூலாயிற்று. 'துலா' எனத் தட்டினால் ஐயா அச்சொல்லைக் கூறிய நொடிக்கே படம் செல்கின்றது. சென்ற ஆண்டு அவ்வுரையைக் கல்லூரி மண்டபத்தில் தமிழ் வரிகளுடன் காட்டினோம். ஐயா ஓரிடத்தில் தம் வழுக்கைத் தலையைத் தாமே எள்ளி நகைப்பார். மண்டபம் முழுவதும் சிரித்தது. முன்வரிசையிலிருந்த நம் மாணவனும் அதே கணத்திற் சிரித்தான். மற்றவர் சிரித்தபின் அவர் முகம் பார்த்துச் சிரிப்பதே அவனுக்குப் பழக்கம். அன்று அவன் எவர் முகத்தையும் பார்க்கவில்லை.

உரிமை பற்றி ஒரு சொல். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் திரைப்படம் ஆக்கியோரின் உரிமையைக் காக்கின்றது. விலைக்கு வாங்கிய படங்களின் படிகளை நாம் எவர்க்கும் வழங்குவதில்லை. வழங்குமாறு எவரும் கேட்கவும் வேண்டா. பிறர்க்கு வழங்குவது நம் கல்லூரி விழாப் பதிவுகளை மட்டுமே. அதுவும் பேசியவர் அல்லது அவர் குடும்பத்தார் இசைவு பெற்ற பின்னரே.

பேணும் முறை பற்றி நூலகவியலார் கூறும் நெறி ஒன்றுண்டு. மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேற்றூரில் இருத்தல் வேண்டும் என்பர். இந்நெறியை நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்களுடன் வேறெங்கும் படியில்லாச் சுவடிகளும் சாம்பலாயின. 1995 ஆம் ஆண்டில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு நூலகம் அழிந்தது. 2005 ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்திற் காத்து வருவது அப்பட்டறிவின் பயனே. நமது கோப்புகளின் ஒரு படி கல்லூரியிலும், ஒரு படி நம் இல்லத்து வன்தட்டிலும், ஒரு படி ரொறன்ரோவிலும் உள்ளன. சிதறி வாழ்தல் நமக்கு நேர்ந்த துன்பம். அச்சிதறலே இன்று நம் குரல்களுக்குக் காவலாகவும் அமைகின்றது.

பழைய மாணவ அன்பர்களிடம் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, உங்கள் வீட்டு அலுமாரிகளிற் கல்லூரி விழா வட்டுகள் இருப்பின், அவை படிக்கத்தக்கனவோ அல்லவோ என்று நோக்காமல் கல்லூரிக்குத் தெரிவியுங்கள். பாதி பழுதான வட்டும் மற்றொன்றின் பாதியை நிறைக்கும். இரண்டாவது, வட்டின் மேற்புறத்தில் ஆண்டையும் நிகழ்ச்சியையும் குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதாமல், மென்முனைப் பேனாவால் நடுவளையத்தில் மட்டும் எழுதி வையுங்கள். மூன்றாவது, உங்கள் செவியைத் தாருங்கள். வட்டை அனுப்பக் கப்பலும் விமானமும் உண்டு. அக்காலத்துச் சொல்லை அறிந்த செவியை அனுப்பும் வாகனம் இல்லை. ஆகவே மூத்தோர் சில மணி நேரம் எம்முடன் அமர்ந்து கேட்டல் வேண்டும். தொலைவில் உள்ளோர் இணையவழி கேட்டுச் சொன்னாலும் அமையும்.

கணித ஆசிரியர் உரையில் இன்னும் பதினோரிடங்கள் விளங்கவில்லை. அங்கெல்லாம் மூன்று புள்ளிகள் இட்டு வைத்துள்ளோம். அவற்றுள் ஒன்று, 1970களில் விடுதியில் தங்கிப் படித்த மாணவர் ஒருவரின் பட்டப்பெயர் போலத் தோன்றுகின்றது. ஐயா அதனைச் சொன்னவுடன் பின்வரிசையிலிருந்து பெரும் ஆரவாரம் எழுகின்றது. அவ்வாரவாரத்தில் அப்பெயர் அமிழ்ந்துவிட்டது. ஆரவாரம் செய்தோர் இம்மலரின் வாசகருள் இருப்பது உறுதி. அவர்கள் எழுதினால் அப்புள்ளிகளை அழித்துப் பெயரை இடுவோம்.